லைட் அணைந்த பிறகு வருகிறவர்கள்

தியேட்டர் வேலைக்காரிக்கு வருஷம் ஆக ஆகக் குரல் தேய்ந்துபோகும், அதனால் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. படம் ஓடும்போது அடுத்த ஆளுக்குக் கேட்கிற மாதிரி பேசக்கூடாது என்பது எங்கள் சட்டம். அப்படியே பேசிப் பேசி, இப்போது வீட்டில் நான் கோழியை விரட்டினால்கூடக் கோழிக்குக் கேட்பதில்லை.

கோயமுத்தூர் டவுனுக்குள் ஒரு பெரிய கடைவளாகம், அதன் மேல்மாடியில் மூன்று ஸ்கிரீன். பேர் எதற்கு. நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள், ராமாத்தாள். முன்னே காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் களை வெட்டின காடெல்லாம் வீட்டுமனையாகிப் போனபிறகு டவுனுக்கு வந்துவிட்டேன். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்கு ஆள் ஏறுவதற்குள் சிந்தினது சிதறினதை எல்லாம் அள்ளிவிட வேண்டும். படத்தை நான் பார்த்ததில்லை, குப்பையைத்தான் பார்ப்பேன். நல்ல படத்துக்குக் குப்பை கம்மி. ஜனங்கள் தின்ன மறந்துவிடுவார்கள்.

நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதிக்கிறவர்கள், யார் கத்தினாலும் சிரித்த முகமாகச் 'செரிங்க' சொல்ல வேண்டியவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது. சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை, எங்கள் கௌசல்யாவைப் பற்றி. பல்லடத்துப் பிள்ளை. அப்பா இல்லை, அம்மா கூலிக்குத் தறி ஓட்டுகிறாள். இங்கே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, டிக்கெட்டைப் பார்த்துச் சீட்டைக் காட்டுகிற வேலை செய்தாள். எங்கள் தியேட்டரிலேயே கெட்டிக்காரி யார் என்று கேட்டால் பாப்கார்ன் பொரிக்கிற பையன் வரைக்கும் அவளைத்தான் காட்டுவான்.

சாய்வு சீட்டு

எங்கள் தியேட்டரில் கடைசி வரிசை மட்டும் பட்டனை அமுக்கினால் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிற சீட்டு. அதற்கு டிக்கெட் விலை வேறு. ஒரு நாள் காலை ஆட்டத்தில், வேட்டியை மடித்துக் கட்டின ஒரு பெரியவர் சாதா டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தச் சீட்டுக்கு டிக்கெட் வாங்கினவர்கள் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். சூப்பர்வைசர் அன்வர் தம்பி வந்து கெஞ்சிப் பார்த்தார். பெரியவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

கௌசல்யா போனாள். குனிந்து, ரொம்ப மரியாதையாக, பெரியப்பா, இந்தச் சீட்டு கரண்டில் ஓடுகிறது, கரண்டு நின்றால் சாய்ந்த சீட்டு நிமிராது, நேற்று ஒருத்தர் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்தார் என்றாள். நேற்று அப்படி யாரும் கிடக்கவில்லை. பெரியவர் எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் சொன்னார்: "நல்லவேளை சொன்னே அம்மணி. எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகோணும்."

டார்ச்

டார்ச் பிடிப்பதற்கு எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வெளிச்சம் மேலே போகக்கூடாது, ஆள் முகத்தில் படக்கூடாது. நாம் முன்னால் நடந்தாலும் கையைப் பின்னால் விட்டு, வருகிறவர் காலடியில்தான் அடிக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். நாம் இருட்டிலே நடக்கலாம், காசு கொடுத்தவர் நடக்கக்கூடாது.

கௌசல்யாவுக்கு எல்லாம் வந்தது, இது மட்டும் வரவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் வெளிச்சம் அவள் கால் முன்னால்தான் விழும். பின்னால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள். ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், படியில் கால் இடறிச் சமாளித்துக்கொண்டு நின்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "ஏனம்மணி, டார்ச்சு எனக்கா, உனக்கா?"

பின்படிக்கட்டு

சாப்பிட எங்களுக்குத் தனி இடம் கிடையாது. பின்படிக்கட்டுதான். மேட்னி தொடங்கி ஜனம் உள்ளே போன பிறகு சோத்துப் போசியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவோம். ஒரு நாள் அங்கே பல்பு போய்விட்டது. கதவிடுக்கில் வருகிற வெளிச்சம் எனக்குப் போதும். நான் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிடுகிறேன். அவள் போசியை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். என்ன கண்ணு, பசிக்கலையா என்றேன். பல்பு மாட்டட்டும்க்கா என்றாள்.

இந்த வெளிச்சம் பத்தாதா, என் கையில் இருக்கிற கொழம்பு தெரியுது, உன் வளையல் தெரியுது, அந்தச் செவுத்தில் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறதுகூடத் தெரியுது என்றேன் நான், சும்மா வாய்ப்பேச்சாக. அவள் என் பக்கம் திரும்பினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்கு அந்தண்டை எதையோ பார்த்தாள். இருட்டு என்றால் எல்லாருக்குமே ஒன்றும் தெரியாது, படியோரத்தில் பதித்திருக்கிற சின்ன லைட்டுகளைக் கோடு மாதிரி பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் நடக்கிறார்கள் என்று அத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ உங்களுக்கெல்லாம் தெரியுதுங்களாக்கா?"

கண் ஆஸ்பத்திரி

வார விடுமுறையன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கத்தில் யாராவது வேண்டும் என்றார்கள், நான் போனேன். கண்ணில் மருந்து விட்டார்கள், ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், சின்னச் சின்ன வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவள் எப்போதாவது ஒரு தடவை அமுக்கினாள். எனக்கு அந்த மெஷினைப் பற்றி என்ன தெரியும். ஆனால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியது என்று மட்டும் தெரிந்தது.

டாக்டரம்மா நல்லவர். கூடப் பிறந்த வியாதி, இருட்டுப் பார்வை முதலில் போகும், அப்புறம் பக்கப் பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வரும், எவ்வளவு நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, இப்போதைக்கு மருந்து இல்லை என்று தமிழிலேயே பொறுமையாகச் சொன்னார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கௌசல்யா சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பஸ்ஸில் எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, போகிற கடை போர்டையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தாள். ஸ்டாப் வருவதற்குள் என் கையைத் தட்டிச் சொன்னாள்: "வேற யாருக்காச்சும் வந்திருந்தா பயந்திருப்பாங்கக்கா. நானு இருட்டுக்குத்தானே சம்பளம் வாங்கறவ."

பதில் சொல்லாத ஆள்

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். லைட் எரியும்போதே முக்கால்வாசிப் பேரை உட்கார வைத்துவிடுவாள். வாசலில் அவள் பேச்சுக்காகவே ஜனங்கள் சீக்கிரம் உள்ளே போவார்கள். லைட் அணைந்த பிறகு வருகிறவர்கள்தான் சங்கடம். அந்த நேரத்துக்கு நான் ஏதாவது துடைக்கிற சாக்கில் நடைபாதையில் நிற்பேன். என் செருப்புச் சத்தத்தை வைத்து அவள் வரிசையைக் கண்டுபிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் நான் கீழ்மாடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், காலேஜ் பையன்களுக்கும் ஒரு குடும்பத்துக்கும் சீட்டுத் தகராறு. கௌசல்யா போயிருக்கிறாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஆளிடம் குனிந்து, ஏனுங்க, உங்க டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். அப்போதும் இல்லை. கோவிச்சுக்காதீங்க, எங்க கடமை இது என்று இன்னும் பணிவாகச் சொல்லியிருக்கிறாள். நான் வந்தபோது அந்த வரிசையே சிரித்துக்கொண்டிருந்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்துப் பையன் ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அது என்ற காலேஜ் பேக்குங்க. அது பதில் சொல்லாது."

தறிச் சத்தம்

தறியோட்டுகிறவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலே வாழ்கிறவர்கள், கத்தினால்தான் பேச்சு. கௌசல்யாவின் அம்மா ஒரு நாள் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி நேராகத் தியேட்டருக்கே வந்துவிட்டாள். காரமடையில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, பேர் பிரகாஷ், சொந்தமாக டூவீலர் பட்டறை, ஒரே பையன், கெட்ட பழக்கம் கிடையாது என்று சந்தோஷமாகச் சொன்னாள். கண் விஷயம் அம்மாவுக்குத் தெரியும். கௌசல்யா மறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று மகள் சொல்ல, கூடவே கூடாது என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் பின்படிக்கட்டில் நின்று பேசினது கீழே வண்டி நிறுத்துகிற இடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் அம்மா மகளின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். கல்யாணம் முடிகிற வரைக்கும் இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒத்தை ஆளாக வளர்த்த பிள்ளை, பார்வை இருக்கும்போதே ஒரு வீட்டில் சேர்த்துவிட்டால் போதும் என்கிற பயம். போகும்போது என் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்களும் சொல்லிப்போடாதீங்கக்கா. எம்பட புள்ளைக்குப் பகல்ல ஒரு குறையும் இல்லீங்க."

மேட்னி

அந்தப் பையன் போனில் பேச ஆரம்பித்தான். கௌசல்யா சாப்பாட்டு நேரத்தில் போசியைக் கையில் வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுவாள். பட்டறைக்கு வருகிற வண்டிக்காரர்கள் கதையை எல்லாம் அவன் சொல்வான் போல, இவள் சிரித்துச் சிரித்துச் சோறு ஆறிவிடும். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம். பிடிக்காமல் இருந்திருந்தால் பேசாமல் கழுத்தை நீட்டியிருப்பாளோ என்னமோ.

உறுதி பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்க்கலாமா என்று அவன் கேட்டான். மேட்னிக்கு வாங்க, படம் போட்டு லைட் அணைந்த பிறகு உள்ளே வாங்க என்று இவள் சொன்னாள். என்னை வந்து கதவுக்கு உள்பக்கம் நிற்கச் சொன்னாள். ஏன் கண்ணு, அம்மா தலைமேல் அடித்த சத்தியம் என்ன ஆகிறது என்று கேட்டேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம், நடக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே என்றாள்.

மூன்றாவது ஸ்கிரீனில் இடப்பக்கத்துப் படி லைட்டுகள் கெட்டுப்போயிருந்தன. அதைத்தான் எடுத்துக்கொண்டாள். அவன் வந்தான். நீலச் சட்டை, இஸ்திரி போட்டது, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். அவள் கையில் டார்ச் இல்லை. வாங்க என்று சொல்லி முன்னால் நடந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு போனாள். சுவர் முடிந்த இடத்தில் கை காற்றில் நின்றது. ஒவ்வொரு படிக்கும் பாதத்தால் விளிம்பைத் தேடினாள். விளையாட்டு என்று நினைத்து அவன் முதலில் மெதுவாகச் சிரித்தான். வரிசையைத் தாண்டிப் போய், ஓரத்தில் இருந்த ஒருத்தர் தலைமேல் அவள் கை பட்டு, அவர் திட்டினபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் போனை எடுத்து அதில் லைட்டைப் போட்டான். அவள் கையைப் பிடிக்கவில்லை. வெளிச்சத்தை அவள் காலடியில் பிடித்துக்கொண்டு, அவள் வேகத்துக்குக் கூடவே நடந்தான். சீட்டு காட்டப் போனவளுக்கு அவன் சீட்டு காட்டினான். அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். படம் பாட்டுக்கு ஓடியது.

இன்டர்வெலுக்கு முன்பே இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பாப்கார்ன் கவுன்ட்டர் முன்னால் எதுவும் வாங்காமல் நின்றார்கள். எவ்வளவு நாளாக இப்படி என்று என்னைக் கேட்டான். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் தம்பி என்றேன். அவன் தலையாட்டினான். அவளிடம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்கம்மாகிட்ட இதைச் சொல்லி நிக்கற தைரியம் எனக்கில்லீங்க. ஜாதகம் சேரலைன்னு சொல்லிக்கறேன். உங்க பேருக்கு ஒண்ணும் வராதுங்க."

கைப்பிடி

அவனுக்கும் 'செரிங்க' என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள், பழக்கம். அப்புறம் அடுத்த ஆட்டத்துக்குக் கதவைத் திறந்து நின்றாள். பல்லடத்தில் அம்மா பாவம், நாலு நாள் ஜோசியக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாளாம்.

கொஞ்ச நாள் கழித்து, காலை ஆட்டத்தில், வயசான ஒரு அம்மா நடுப்படத்தில் எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்றார். படிக்குப் பயந்து கௌசல்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இவளும் அவரை இறுக்கமாகப் பிடித்தாள். கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்து அவர் கால் வைக்க, படி முடிந்துவிட்டது என்று நினைத்து இவள் கால் வைக்க, இரண்டு பேரும் சேர்ந்து சரிந்தார்கள். நல்லவேளை, கார்ப்பெட்மேல்தான். அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நான் துடைத்துவிட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. உட்கார்ந்தபடி அவள் முகத்தைத் தடவிச் சொன்னார்: "நான் உன்னை நம்பிப் புடிச்சேன், நீ என்னை நம்பிப் புடிச்சாப்பல இருக்குதே சாமி."

கம்ப்ளைன்ட்

அன்றைக்கே அன்வர் தம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நானும் கூட நின்றேன். அவர் கோட்டைமேட்டுப் பிள்ளை, சின்ன வயசுதான், ஆனால் பொறுப்பானவர். டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றலாமா என்று மேலே கேட்டார். கவுன்ட்டரில் இருக்கிறவர்களையே குறைக்கப் போகிறோம், எல்லாரும் போனில்தான் டிக்கெட் போடுகிறார்கள் என்று பதில் வந்தது. கேன்டீனில் கேட்டார், இடம் இல்லை. இந்த மாசம் வரைக்குமாவது இரு என்று அவளிடம் சொன்னார். இனி யாராவது கை ஒடிந்தால் அது உங்கள் தலையில் விழும் தம்பி என்று சொல்லி, யூனிபார்ம் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள்.

மடிப்பு கலையாமல் அதை எடுத்து அலமாரியில் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஜனங்கள் எழுதிப் போடுகிற கம்ப்ளைன்ட் வருகிற கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை: "இந்த ஊர்ல எல்லாரைப் பத்தியும் எழுதறாங்கக்கா. இத்தனை நாள்ல இவளைப் பத்தி ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்லீங்க."

பொழுது விழுந்த பிறகு

இப்போது அவள் பல்லடத்தில்தான் இருக்கிறாள். பகலில் தறிக்கு நூல் சுற்றுகிறாள், சாயங்காலம் ஆனால் வீட்டோடு சரி. வாரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் வரும். ஓரம் இன்னும் கொஞ்சம் மூடியிருக்கிறது என்பதை அவளாகச் சொல்ல மாட்டாள், நானாகக் கேட்டால் ஆமாங்க்கா என்பாள். அம்மா விடவில்லை, தரகரை விட்டு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். சத்தியத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அந்தத் தரகர் அலுத்துப்போய் அவளிடமே கேட்டாராம்: "ஏனம்மணி, பொண்ணு பாக்கறதுக்கு வெளிச்சம் வேண்டாமா?"

லைட் அணைந்த பிறகு வந்த அத்தனை பேருக்கும் சீட்டு காட்டின எங்கள் கெட்டிக்காரி கடைசியாகச் செய்திருப்பது இதுதான்: பெண் பார்க்க வருகிறவர்கள் நல்ல நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், பொழுது விழுந்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் வாசல் லைட்டைத் தானே போய் அணைத்துவிட்டு, வாயைத் திறக்காமல், பாதத்தால் தரையைத் தேடித் தேடி, காபித் தட்டோடு அவர்கள் முன்னால் நடந்து வருகிறாள்.